கோல்ஃபில் நடையா, கார்ட்டா? முதலில் பை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கோல்ஃப் பழகி ஐந்தாறு மாதம் ஆனவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: "கூட ஆடுகிறவர்கள் எல்லோரும் கார்ட் (மைதானத்துக்குள் உட்கார்ந்து ஓட்டிப்போகும் சிறு வண்டி) எடுக்கிறார்கள். எனக்கு நடக்க ஆசை. ஆனால் 18 ஹோல் (18 குழி கொண்ட ஒரு முழுச் சுற்று) முடிவதற்குள் கால் ஓய்ந்துவிடுமோ, என்னால் மற்றவர்களுக்கு நேரமாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது." இன்னொரு பக்கம், வருடக்கணக்காக கிளப் (பந்தை அடிக்கும் மட்டை) நிறைந்த பையைத் தோளில் மாட்டி நடந்தவர்கள். முதுகு வலிக்க ஆரம்பித்ததும் "நடையை விட்டுவிட்டு கார்ட்டுக்கு மாறிவிடட்டுமா?" என்கிறார்கள்.

இரண்டு தரப்புக்கும் நான் சொல்வது ஒன்றுதான். உங்களைக் களைக்க வைப்பது நடையைவிட அந்தப் பைதான். பையைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு நடந்து பார்க்காமல் நடையைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். நானும் பல வருடம் சுமந்தே ஆடியவன். 14-வது ஹோலுக்கு மேல் என் ஸ்விங் (கிளப்பை வீசும் முறை) குலைந்துபோனதற்கு வயது, தூக்கம், வெயில் என்று எதையெல்லாமோ காரணமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பையை ஏற்றித் தள்ளிப்போகும் ஒரு தள்ளுவண்டி வாங்கிய மாதமே விடை தெரிந்துவிட்டது.

சரி, அவசரப்படாமல் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நடை, கார்ட் என்று இரண்டு வழி மட்டும் இல்லை, மொத்தம் ஐந்து இருக்கின்றன.

## எதை வைத்து எடை போடுவது

உடம்புக்கு என்ன நடக்கிறது, ஸ்கோருக்கு என்ன நடக்கிறது, எவ்வளவு நேரம் பிடிக்கிறது, எவ்வளவு செலவாகிறது (முன்பதிவு செய்யும்போது கண்ணில் படாத செலவும் சேர்த்து), அப்புறம் அந்த மைதானம் எப்படி அமைந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

18 ஹோல் மைதானத்தின் நீளம் ஸ்கோர் கார்டில் பெரும்பாலும் 6,000 முதல் 7,000 யார்டு வரை இருக்கும். கிலோமீட்டரில் சுமார் ஐந்தரை முதல் ஆறரை. ஆனால் பந்து நேர்கோட்டில் போவதில்லை, கிரீனிலிருந்து (குழி இருக்கும் மழித்த புல்தரை) அடுத்த டீக்குப் (அடுத்த ஹோலைத் தொடங்கும் இடம்) போகும் தூரமும் ஸ்கோர் கார்டில் வராது, காணாமல்போன பந்தைத் தேடி அலைவதும் வராது. எல்லாம் சேர்ந்து 8 முதல் 10 கிலோமீட்டர் நடப்பீர்கள். இந்த எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் பரவிக்கிடக்கும் நடை அது, நடுவில் நின்று நின்றுதான் போகிறோம்.

மைதான அமைப்பைப் பற்றி ஒரு பழைய கதை. நமக்குக் கிடைத்திருக்கும் கோல்ஃப் விதிகளில் மிகப் பழையவை 1744-ல் ஸ்காட்லாந்தின் லீத் ஊரில் எழுதப்பட்ட 13 விதிகள். அவற்றில் முதல் விதி, முந்தைய குழியிலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள் அடுத்த பந்தை வைத்து அடிக்க வேண்டும் என்கிறது. ஒன்றை முடித்த இடத்திலேயே அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும். இன்று அந்த விதி இல்லை, ஆனாலும் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் போன்ற பழைய மைதானங்களில் கிரீனை விட்டு இறங்கினால் அடுத்த டீ பக்கத்திலேயே இருக்கிறது. நடந்து ஆடுவதற்கென்றே வளர்ந்த நிலம் அது. கார்ட் பரவிய பிறகு, வீட்டு மனைகளுக்கு நடுவே வளைத்து வளைத்துப் போடப்பட்ட மைதானங்களில் கிரீனிலிருந்து அடுத்த டீக்கு 300 மீட்டர், சாலையைத் தாண்டி இன்னும் கொஞ்சம் என்று இருப்பதும் உண்டு. அது 17 முறை திரும்ப வரும். அப்படிப்பட்ட இடத்தில் நடந்து நொந்துபோய் "எனக்கு நடை ஒத்துவராது" என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். தவறு அவர்கள் காலில் இல்லை, மைதானத்தின் வரைபடத்தில் இருந்தது.

அதனால் முன்பதிவுக்கு முன்னால் மேலிருந்து எடுத்த படத்தையோ வரைபடத்தையோ திறந்து, ஒவ்வொரு கிரீனுக்கும் அடுத்த டீக்கும் நடுவே உள்ள தூரத்தை மட்டும் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

## பையைத் தோளில் மாட்டி நடப்பது

இதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். எங்கே வேண்டுமானாலும் நேராகப் போகலாம்: கிரீனைக் குறுக்கே கடக்கலாம், மணல் பள்ளங்களான பங்கர்களுக்கு நடுவே நுழையலாம், சரிவில் ஏறலாம். சக்கரத்தைப் பற்றிய கவலை கிடையாது, சேறும் சகதியும் ஒரு பொருட்டில்லை. வாடகையும் இல்லை.

ஆனால் எடையைக் கூட்டிப் பாருங்கள். விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், அதனால் எல்லோரும் 14 வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பந்தின் எடை ஏறக்குறைய 46 கிராம், பையில் 20 பந்து கிடந்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் இன்னொரு கிலோ. குடை, மழைச்சட்டை, கையுறைகள், போன மாதம் போட்டுவிட்டு மறந்துபோன துண்டு... மொத்தம் 10 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதை ஒரு சுற்றில் எழுபது எண்பது தடவை இறக்கி, குனிந்து, மறுபடி ஏற்றுகிறீர்கள். கீழ்முதுகு முறையிடுவது பெரும்பாலும் அந்த ஏற்றி இறக்கும் நேரத்தில்தான்.

2008-ல் அமெரிக்காவின் டென்வரில் நீல் வோல்கோடாஃப் என்ற விளையாட்டு அறிவியலாளர் இதை அளந்து பார்த்தார். எட்டு ஆட்டக்காரர்களை ஒரே ஒன்பது ஹோலை நான்கு விதமாக ஆட வைத்தார். பையைச் சுமந்தபோது சராசரியாக 721 கலோரி செலவானது, தள்ளுவண்டியோடு 718, கேடியோடு (பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளர்) 613, கார்ட்டில் 411. ஸ்கோர்தான் இன்னும் சுவையானது (எத்தனை தடவை அடித்தோம் என்பதே ஸ்கோர், குறைய குறைய நல்லது). சுமந்தபோது 45, கார்ட்டில் 43, கேடியோடு 42, தள்ளுவண்டியோடு 40. எட்டே பேர்தான், இதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சுமப்பதற்கும் தள்ளுவதற்கும் கலோரியில் வித்தியாசமே இல்லை, ஸ்கோரிலோ ஐந்து வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். உடற்பயிற்சிக்காகத்தான் சுமக்கிறேன் என்கிறவர்கள் அந்த 721-ஐயும் 718-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

சுமப்பது யாருக்குச் சரி? முதுகில் தொல்லை இல்லாத இளம் வயதினர், ஒன்பது ஹோல் மட்டும் ஆடுகிறவர்கள், எட்டுப் பத்து கிளப்போடு திருப்தியாக ஆடத் தெரிந்தவர்கள். சக்கரம் புதையும் மண்ணில் ஆடுகிறவர்களுக்கும் இதுதான் வழி. கட்டாயம் இரண்டு தோளுக்கும் பட்டை உள்ள பை வாங்குங்கள். ஒற்றைப் பட்டைப் பையில் பத்து கிலோவைத் தொங்கவிட்டு நடந்தால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நடக்கும், பிறகு அதே உடம்பை நேராக நிறுத்தி அடிக்கச் சொல்கிறோம்.

## தள்ளுவண்டி

என் ஓட்டு இதற்குத்தான், அதனால் இதற்கு எதிராக உள்ளதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

செங்குத்தான ஏற்றத்தில் தள்ளுவது பாரம், இறக்கத்தில் அதுவே உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். கை பிரேக் இல்லாததை வாங்காதீர்கள். கிரீனைச் சுற்றிப் போக வேண்டும், பங்கருக்கு நடுவே போக முடியாது, அதனால் நடை கொஞ்சம் கூடும். நல்ல மழைக்குப் பிறகு சில மைதானங்களில் தள்ளுவண்டிக்கும் தடை போடுவார்கள். மடித்தாலும் காரின் பின்பகுதியில் பாதி இடத்தைப் பிடிக்கும். மலிவான வண்டிகளில் முதலில் தளர்வது முன்சக்கரத்தின் நேர்த்தன்மை. ஒரு பக்கமாக இழுக்கும் வண்டியைத் திருத்தித் திருத்தியே நான்கு மணி நேரம் தள்ளினால் மணிக்கட்டு வலிக்கும், அதே மணிக்கட்டுத்தானே கிளப்பையும் பிடிக்க வேண்டும்? வாங்கும்போது கடையிலேயே பையை ஏற்றித் தள்ளி, கையை விட்டுப் பாருங்கள், நேராகப் போகிறதா என்று.

பின்னால் இழுத்துக்கொண்டு போகும் இரண்டு சக்கர வண்டியை இதோடு சேர்த்து நினைக்காதீர்கள். ஒரு கையால் இழுக்கும்போது தோள் பின்னால் முறுக்கிக்கொள்கிறது. முன்னால் வைத்து இரண்டு கையாலும் தள்ளுவதில் அந்தத் தொல்லை இல்லை.

இனி நல்லது. நடையின் பலன் முழுவதும் உங்களுக்கு, சுமையின் சேதம் எதுவும் இல்லை. இந்தப் பலன் ஸ்கோரில் எப்படி வருகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் கலோரிக் கணக்கில் அது தெரியாது.

பந்தை நோக்கி நடந்து போகும்போது 150 யார்டு தூரத்திலிருந்தே அடுத்த ஷாட்டைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறீர்கள். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது, கொடி எந்தப் பக்கம் படபடக்கிறது, கிரீனின் எந்த ஓரம் தாழ்ந்திருக்கிறது, தரை காலடியில் இறுகியிருக்கிறதா மெத்தென்று இருக்கிறதா, இதெல்லாம் தேடாமலே வந்து சேரும். முக்கியமாக கிரீன். முன்னாலிருந்து நடந்து ஏறும்போதுதான் அதன் சாய்வு முழுதாகத் தெரியும், பின்னால் உள்ள பாதையில் கார்ட்டை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் இறங்கி வருகிறவருக்கு அந்தக் காட்சி கிடைப்பதில்லை. பாதங்களும் சரிவை அளக்கின்றன. பட் செய்யும் (பந்தைக் குழியை நோக்கி மெல்லத் தட்டும்) இடத்துக்கு வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

உடம்பு சூடாகவே இருப்பது இன்னொன்று. உட்கார்ந்து, எழுந்து, அடித்து, மறுபடி உட்காரும்போது இடுப்பும் தொடையின் பின்பக்கமும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறுகுகின்றன, குளிர் காலையில் இது நன்றாகவே தெரியும். மோசமான ஷாட்டுக்குப் பிறகு கிடைக்கும் அந்த இரண்டு நிமிட நடையும் முக்கியம். கோபம் தணிந்து, மூச்சு சீராகி, அடுத்த முடிவை நிதானமாக எடுக்க அது போதும். கார்ட்டில் முப்பது விநாடியில் பந்தின் தலைமாட்டில் போய் நிற்பீர்கள், கோபமும் கூடவே வந்திருக்கும்.

செலவு ஒருமுறை மட்டும். வண்டியின் விலையை ஒரு சுற்றுக்கான கார்ட் வாடகையால் வகுத்துப் பாருங்கள். வரும் எண், நீங்கள் ஒரு வருடத்தில் ஆடும் சுற்றுகளைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சில மைதானங்கள் கார்ட் வாடகையை நுழைவுக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகின்றன, நடந்தாலும் குறைக்க மாட்டார்கள். கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

## மோட்டார் வைத்த தள்ளுவண்டி

நடையை விட மனமில்லை, ஆனால் ஏற்றத்தில் தள்ள முடியவில்லை என்கிறவர்களுக்கு இது. மேடு பள்ளம் நிறைந்த மைதானத்தில் அருமையான துணை. கைப்பிடியில் வேகத்தை வைத்துவிட்டுக் கூடவே நடக்கலாம், ரிமோட்டில் ஓடுவதும் உண்டு.

மறைந்திருக்கும் செலவு பேட்டரி. சில வருடங்களில் அது 18 ஹோல் தாங்காமல் போகும், மாற்றினால் வண்டி விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். பேட்டரியோடு எடையும் அதிகம். முதுகுவலிக்காக வாங்கிவிட்டு, காரில் தூக்கி வைக்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டால் என்ன பயன்? வாங்கும் முன் மடித்த நிலையில் நீங்களே ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.

## கேடியோடு நடப்பது

கிடைக்கிற இடத்தில், கட்ட முடிந்தால், இதைவிட இனிய ஆட்டம் இல்லை. பை கையில் இல்லை, பந்து எங்கே விழுந்தது என்று பார்க்க இன்னொரு ஜோடிக் கண், கிரீனின் வளைவு தெரிந்தவர் பக்கத்தில். கட்டணத்தோடு அன்பளிப்பையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத மைதானத்தில் வாழ்நாளில் ஒருமுறை ஆடப் போகிறீர்கள் என்றால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

## கார்ட்

கார்ட் எடுப்பவரைக் குறைத்துப் பேசும் வழக்கம் நடப்பவர்களிடம் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூட்டுத் தேய்மானம், இதயக் கோளாறு, மூச்சுத் தொல்லை, காலில் அடிபட்டுத் தேறிவருவது, இவற்றில் ஏதாவது இருந்தால் கார்ட்தான் உங்களையும் கோல்ஃபையும் பிரியாமல் வைத்திருக்கிறது. அமெரிக்க ஆட்டக்காரர் கேசி மார்ட்டினுக்கு வலது காலில் பிறவியிலேயே ரத்த ஓட்டக் கோளாறு, 18 ஹோல் நடந்தால் காலையே இழக்கும் அபாயம். போட்டிகளில் நடந்துதான் ஆட வேண்டும் என்று அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பிஜிஏ டூர் சொன்னபோது அவர் வழக்குப் போட்டார். 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. நடப்பது அந்த ஆட்டத்தின் உயிர்நாடி அல்ல, குறைபாடு உள்ளவருக்கு கார்ட் தருவதால் ஆட்டத்தின் அடிப்படை மாறிவிடாது என்பதே அதன் சாரம். நடையை இவ்வளவு விரும்பும் நானும் இந்தத் தீர்ப்பை முழு மனதோடு ஏற்கிறேன்.

வேறு எப்போது கார்ட் சரி? கிரீனுக்கும் அடுத்த டீக்கும் நடுவே தூரம் அதிகமான மைதானம், ஒரே நாளில் 36 ஹோல், கொளுத்தும் வெயில், நடக்க முடியாத அப்பாவோடோ பழைய நண்பரோடோ ஆடும் நாள். அந்த நாளில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவதுதான் ஆட்டமே.

இனி அதன் பாதகங்கள். வாடகை ஒவ்வொரு சுற்றுக்கும் வரும், ஏதாவது இடித்தால் பொறுப்பு பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவருடையது. மழை பெய்த மறுநாள் கார்ட் பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பார்கள். ஆள், பை எல்லாம் சேர்ந்து அரை டன்னைத் தாண்டும் வண்டி ஈரப் புல்லில் ஏறினால் மண் இறுகிப்போகும், அவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அன்றைக்கு உங்கள் நிலைமையை யோசியுங்கள்: பந்து ஃபேர்வேயின் (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள வெட்டிய புல்வெளி) மறு ஓரத்தில், தூரம் தெரியாது, மூன்று கிளப்பைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்கே நடக்கிறீர்கள், போய்ப் பார்த்தால் தேவை நான்காவது கிளப். திரும்பி நடக்க வேண்டும், இல்லையென்றால் கையில் உள்ளதை வைத்து ஒப்பேற்ற வேண்டும். வாடகையும் கொடுத்து, நடக்கவும் நடந்து, ஆட்டமும் கெடும் நாள் அது. பாதையை விட்டு இறங்க முடியாத நாளில் கார்ட் எடுக்காதீர்கள், உடல் காரணம் இருந்தால் தவிர.

பாதுகாப்பும் இருக்கிறது. சரிவில் சட்டென்று திருப்பினால் கவிழும், ஓடும்போது வெளியே நீட்டிய கால் மாட்டிக்கொள்ளும். இடி மின்னலின்போது கார்ட்டின் கூரை எந்தப் பாதுகாப்பும் தராது, கட்டடத்துக்குள் போங்கள்.

## நேரம்

"நடந்தால் தாமதம்" என்பதில் பாதி உண்மை. காலியான மைதானத்தில், தனியாகவோ இருவராகவோ ஆடினால் கார்ட் நிச்சயம் வேகம், அதில் வாதமே இல்லை. நெரிசலான வார இறுதியில் முன்னால் உள்ள குழு நகரும் வேகம்தான் உங்கள் வேகம். கார்ட்டில் பறந்து போய் அடுத்த டீயில் பத்து நிமிடம் காத்திருப்பீர்கள், நடந்து வருகிறவர் அந்தப் பத்து நிமிடத்தை நடையில் செலவிட்டிருப்பார். ஒரு கார்ட்டில் இருவர், ஒருவர் பந்து இடது கோடியில், மற்றவருடையது வலது கோடியில் என்றால் வண்டி குறுக்கும் நெடுக்கும் போய்வர வேண்டும். நடக்கும் நால்வர் நான்கு திசையில் நேராகத் தம் பந்துக்குப் போய் தயாராக நிற்கலாம். நடப்பவர்கள் உண்மையில் நேரத்தை இழப்பது கிரீனில்: பையை முன்பக்கம் போட்டுவிட்டு, முடித்ததும் திரும்பி வந்து எடுப்பது. அடுத்த டீ இருக்கும் பக்கமாகப் பையை வைத்துவிட்டு பட் செய்யப் போங்கள், ஒரு சுற்றில் எவ்வளவோ நிமிடம் மிச்சம்.

## ஒரே பார்வையில்

| வழி | உடம்பு | ஆட்டம் | மறைந்த செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| தோளில் பை | நல்ல பயிற்சி, முதுகுக்குச் சிரமம் | கடைசி ஹோல்களில் தளர்ச்சி | நல்ல பை, காலணி | 9 ஹோல், குறைந்த கிளப், சேற்று மண் |
| தள்ளுவண்டி | அதே பயிற்சி, சிரமம் குறைவு | சீரான தாளம் | காரில் இடம், சக்கரப் பராமரிப்பு | நடக்க முடிந்த பெரும்பாலோர்க்கு |
| மோட்டார் தள்ளுவண்டி | நடை மட்டும் | சீரான தாளம் | பேட்டரி, தூக்கும் எடை | மேடு பள்ளம், முதுகுத் தொல்லை |
| கேடி | நடை மட்டும் | கூடவே ஆலோசனை | அன்பளிப்பு | புதிய மைதானம், சிறப்பு நாள் |
| கார்ட் | குறைந்த பயிற்சி | அவசரம், உடம்பு இறுகும் | தொடர் வாடகை, சேதப் பொறுப்பு | உடல்நலக் காரணம், தொலைவான டீக்கள், கடும் வெயில் |

## உடல்நலம் பற்றி இன்னும் கொஞ்சம்

2008-ல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் மூன்று லட்சம் கோல்ஃப் ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்தது. அதே வயது, அதே பாலினம், அதே பொருளாதார நிலையில் உள்ள மற்றவர்களைவிட இவர்களின் இறப்பு விகிதம் 40 சதவீதம் குறைவு, ஆயுளில் சொன்னால் சுமார் ஐந்து வருடம். கோல்ஃப்தான் காரணம் என்று அப்படியே சொல்லிவிட முடியாது, இவர்கள் மற்ற பழக்கங்களிலும் வேறுபட்டிருக்கலாம். எனக்கு அதைவிட நெருக்கமாகப் படுவது 2023-ல் கிழக்கு ஃபின்லாந்து பல்கலைக்கழகம் செய்த சிறிய ஆய்வு. 65 வயதைத் தாண்டிய 25 ஆட்டக்காரர்கள் ஒருநாள் 18 ஹோல் நடந்து ஆடினார்கள், ஒருநாள் 6 கிலோமீட்டர் நடந்தார்கள், ஒருநாள் கைத்தடிகளோடு அதே 6 கிலோமீட்டர். மூன்றுமே நல்லதுதான். ஆனால் வேகம் குறைவான கோல்ஃப்தான் ரத்தச் சர்க்கரையிலும் கொழுப்பிலும் கூடுதல் பலன் காட்டியது, நீண்ட நேரம் நீடிப்பதால். இதய நோய் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

## இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்றால்

கிரீனுக்கு அடுத்த டீ பக்கத்திலேயே உள்ள, அதிக ஏற்றமில்லாத மைதானமாகப் பார்த்து, மாலையில் ஒன்பது ஹோல் மட்டும் போங்கள். தள்ளுவண்டியை வாடகைக்கு எடுங்கள், முதல் நாளே வாங்க வேண்டாம். பையிலிருந்து நான்கு கிளப்பை வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், பந்து எட்டு போதும். ஏற்கெனவே பழகிய காலணி, இரண்டு ஜோடிக் காலுறை. இப்படி மூன்று முறை ஆடிவிட்டு அதே ஒன்பது ஹோலை கார்ட்டில் மூன்று முறை ஆடுங்கள். ஸ்கோரோடு, மறுநாள் காலை முதுகும் முழங்காலும் எப்படி இருந்தன என்பதையும் குறித்து வையுங்கள். ஆறு சுற்று முடிந்ததும் அந்தத் தாளைப் பார்த்து முடிவெடுங்கள், நான் சொன்னதை வைத்து வேண்டாம்.